ஒலிபெருக்கி தந்த பெருந்தகை

என் அண்ணன் முப்பத்திரண்டு வருடம் மேடையில் புளூஸ் பாடினார். கிற்றார் வாசித்தார். அவர் செத்தபின் அச்சடித்த நினைவு மலரில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. முந்நூறு பிரதிகள் அண்ணி வீட்டுக் கராஜில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. ஒன்றை உருவியெடுத்து, நின்ற நிலையிலேயே முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். கிற்றார் என்ற சொல்லே அதற்குள் கிடையாது. பாட்டு என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது; அது தேவாரத்தைப் பற்றியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கோபக்காரி என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது வழக்கமான கோபம் இல்லை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் றோட்டில் கொட்டவேண்டும் போல இருந்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடிந்ததும் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். ஊரில் கல்வெட்டு என்றோம், இங்கே மெல்பேணில் நினைவு மலர் என்கிறார்கள். பளபளப்பான தாள், முன்னட்டையில் கோட் போட்ட படம், உள்ளே கொஞ்சம் தேவாரம் திருவாசகம். அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், உடன்பிறந்தோர் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். இவற்றை எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். ஊர்ப் பெயரையும் உறவு முறையையும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவார். என் அண்ணனுக்கு ஆலமரம் சாய்ந்ததோ என்று தொடங்கியிருந்தார். போன வருடம் கிளேட்டனில் ஒரு டொக்டர் இறந்தபோது அதே ஆலமரம் அவருக்கும் சாய்ந்தது. இன்னொரு பக்கத்தில் பேரப்பிள்ளைகள் புலம்பல் இருந்தது. அண்ணனுடைய இரண்டு பையன்களும் இன்னும் கலியாணமே கட்டவில்லை. இல்லாத பேரப்பிள்ளைகள் எட்டு வரிக்கு அழுதிருக்கிறார்கள், இருந்த பாட்டுக்கு அரை வரி இல்லை.

அந்தப் புத்தகத்தில் செத்தவரைப் பற்றி உண்மையாக எழுதக்கூடிய இடம் ஒன்றுதான். வாழ்க்கைக் குறிப்பு என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். அதை எழுதும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் படிப்பித்தவள். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணனின் மூத்த மகன் பக்கத்தில் வந்து, "மாமி, யூ ரைட் இட். உங்களுக்குத்தான் அப்பாவை நல்லாத் தெரியும்" என்றான். ஐந்து நாள் இருந்து ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது பதினொரு வரி. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

நான் எழுதியதைச் சொல்கிறேன். இங்கேயாவது இருக்கட்டும்.

அண்ணன் இருபத்துமூன்று வயதில் சிட்னிக்கு வந்தார். கேபிள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஓர் அறையில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒருவன் சமைப்பான், ஒருவன் நித்திரை கொள்வான், ஒருவன் ஊருக்கு ரெலிபோன் எடுத்துவிட்டு அழுவான். அண்ணனுக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்காது. கால் போன போக்கில் நடப்பார். அப்படி நடந்த ஒரு மத்தியானம் ஒரு பப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் கதிரையில் இருந்து கிற்றாரோடு பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரி பாடினாள். அதே வரியைத் திரும்பவும் பாடினாள். மூன்றாவது வரியில் அதற்கு மறுமொழி சொன்னாள். அவ்வளவுதான் பாட்டு, அதற்குப் பெயர் புளூஸ். அண்ணன் குடிக்கிறவர் இல்லை. ஒரேஞ்ச் ஜூஸ் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் சுவரோரம் நின்றார். "பிள்ளை, அந்த மனிசி ஒண்டைச் சொல்லிப்போட்டு, நம்பேல்லையோ எண்டு திரும்பவும் சொல்லுது. பிறகு ஏனெண்டு சொல்லுது. எனக்கு ஆரும் அப்பிடி ஒரு கதையும் சொன்னதில்லை" என்று எனக்குச் சொன்னார்.

அடுத்த மாதம் பழைய கிற்றார் ஒன்று வாங்கினார். அறையில் இருந்தவர்கள் சத்தம் தாங்காமல் கலைத்துவிட்டார்கள். கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கும் இடம் இருந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க அங்கே இருந்து பழகினார். ஒரு வருடம் கழித்து ஒரு வினாகிரிப் போத்தலின் கழுத்தை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, இடது கைச் சின்னி விரலில் மாட்டிக்கொண்டார். அதற்கு ஸ்லைட் என்று பெயர். கம்பிகளின்மேல் அதை வழுக்க விட்டால் ஒரு சத்தம் வரும். அழுகிறாரா ஏசுகிறாரா என்று கேட்கிறவருக்குத் தெரியாது.

பிறகு மெல்பேணுக்கு ரயில்வே வேலை கிடைத்து வந்தார். தண்டவாளத்து சிக்னல்களைப் பழுதுபார்க்கும் வேலை. என்னையும் அவர்தான் கூப்பிட்டு எடுத்தார். கலியாணம் கட்டினார். பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வரவேண்டும் என்று கிளென் வேவர்லியில் வீடு வாங்கினார். கிழமை முழுவதும் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் நிற்பார். ஞாயிறு மத்தியானம் நாலு மணித்தியாலம் மட்டும் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு பப்பில் பாடுவார். அவரோடு மூன்று பேர். ஒருவர் டிரம்ஸ், தொழிலில் பைப் வேலை செய்கிறவர். ஒரு பெண் மவுத் ஓர்கன் ஊதுவாள், ஒரு கண்ணாடிக்காரர் பேஸ் கிற்றார் வாசிப்பார். கடைசிவரை அதே மூன்று பேர்தான்.

தொடக்கத்தில் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்து நாக்கில் இங்கிலிஸ் புளூஸ். வேறொரு பப்பின் முகாமையாளன், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தால் சனம் கூடும் என்று சொன்னான். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. தண்டவாளத்தில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய் முழு நிகழ்ச்சியும் பாடிவிட்டு வந்தார். அந்த முகாமையாளன் திரும்பக் கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போச்சு.

அதற்குப் பிறகுதான் தமிழில் எழுதத் தொடங்கினார். எனக்குப் பிடித்தது இது:

கடிதம் வந்தது, விலாசம் என்ரை இல்லை.
கடிதம் வந்தது, அந்த விலாசம் என்ரை இல்லை.
உடைச்சுப் படிச்சன், அழுதது நான்தான்.

வெள்ளைக்காரர் ஒரு சொல்லும் விளங்காமல் மூன்றாவது வரியைச் சேர்ந்து பாடுவார்கள். ஒரு ஞாயிறு நான் என்னையறியாமல் அழுதேன், என் பக்கத்தில் நின்ற கிழவர் எனக்குத் தன் கைலேஞ்சியைத் தந்தார். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. விக்ரோறியாவின் சின்ன ஊர்களில் நடக்கும் புளூஸ் விழாக்களுக்கு ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள். லீவு கிடைத்தால் சிட்னிக்குப் போய், வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்த எங்கள் பொடியன்களைப் பார்த்துப் பாடிவிட்டு வருவார். கண்ணாடிச் சாமான் உள்ளே கொண்டுபோக முடியாது, அதனால் ஸ்லைட் இல்லாமல் வெறும் விரலால் வாசித்தார். பொடியன்கள் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். இவர் கடிதப் பாட்டைப் பாடினார். ஒருத்தன், "என்ன அண்ணை, செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு, "அதை இன்னொருக்காப் பாடுங்கோ" என்றானாம். அவனுக்கு ஏழு தடவை பாடினார்.

எங்கள் ஆட்களுக்கு இந்த மனிதர் யார் தெரியுமா? அம்பிளிஃபயர் வைத்திருக்கும் அங்கிள். பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், கோயில் திருவிழா, எதுவாக இருந்தாலும் ரெலிபோன் வரும். "அங்கிள், உங்கட அம்ப்பும் ரெண்டு மைக்கும் தரேலுமோ?" காரில் ஏற்றிக்கொண்டு போய், வயர் பூட்டி, "ஹலோ மைக் டெஸ்டிங்" சொல்லி, மூலையில் கதிரை போட்டு இருப்பார். யார் யாரோ ஏறிப் பாடுவார்கள், சுருதி கிணற்றுக்குள் கிடக்கும். அந்தச் சத்தத்தைச் சரிப்படுத்திக்கொண்டு அண்ணன் இருப்பார். இதை உங்களிடம் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு சனம் கேட்டதில்லை. வீட்டில் ஒருவர் இவ்வளவு பெரிய அம்பிளிஃபயரை ஊர்த் தொண்டுக்காக வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்தார்களா? விசர்ச் சனங்கள்.

அச்சில் வந்த பதினொரு வரியில் ஒன்பதாவது வரி இதுதான்: "நம்மவர் நிகழ்வுகள் அனைத்திற்கும் முகம் கோணாது ஒலிபெருக்கி தந்துதவிய பெருந்தகை." அதை வாசித்தபோதுதான் புத்தகத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு கராஜிலிருந்து குசினிக்குப் போனேன்.

அண்ணி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்காத மனிசி. நான் புத்தகத்தை மேசையில் போட்டேன்.

"நான் எழுதினது எங்கை அண்ணி?"

"அதைப் போடேல்லை."

"அது தெரியுது. ஆர் வேண்டாமெண்டது?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். இளையவன் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மாமி, லீவ் இட், ப்ளீஸ்" என்றான்.

"நீ வாயைப் பொத்து. இது உன்ரை தேப்பன்ரை சீவியம்."

பிறகு அண்ணியைப் பார்த்து நான் சொன்னவற்றை எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். "கிழமை முழுக்க அந்த மனிசன் தண்டவாளத்திலை நிண்டு இந்த வீட்டை உங்களுக்கு வாங்கித் தந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணித்தியாலம் மட்டும்தான் தனக்கெண்டு வைச்சிருந்தது. அதையும் புடுங்கிப் போட்டியள். உங்களுக்கு வெக்கம். பப்பிலை பாடுறவன்ரை பெண்சாதி எண்டு சொல்ல வெக்கம்."

"எனக்கோ வெக்கம்?" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போனார். ஒரு பிளாஸ்ரிக் ஃபைலோடு திரும்பி வந்தார். "மூத்தவன் இது தெரியாமல் உங்களிட்டை எழுதக் கேட்டிட்டான். பிறகு எப்பிடி உங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லுறது? இதைக் காட்டக் கூடாதெண்டுதான் இருந்தனான். நீங்கள் விடமாட்டியள்."

உள்ளே ஒரு ஒற்றைத் தாள். அண்ணனின் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் எழுதியிருக்கிறார், எழுத்துகள் நடுங்கின. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், ரயில்வே வேலை, மனைவி, பிள்ளைகள், கோயில். பதினொரு வரி. ஒன்பதாவது வரியில், "சங்க நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி கொடுத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். பெருந்தகை என்பது மட்டும் புலம்பல் எழுதுகிறவர் தன் பங்குக்குப் போட்டது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இப்படி இருந்தது: "புத்தகத்துக்கு இவ்வளவும் காணும். பாட்டு விஷயம் வேண்டாம். தங்கச்சிக்கு அந்தரமாயிருக்கும். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டாம்."

எழுதும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அண்ணியையும் ஊரையும் திட்டிவிட்டு முடித்தால் எனக்கு நல்லது. ஆனால் தாளில் இருந்தது நான்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். என் கணவர் அப்போது உயிரோடு இல்லை. தகப்பன் இடத்தில் இருந்து பேசவேண்டியவர் அண்ணன். மாப்பிள்ளையின் தாய் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். வெள்ளை வேட்டிக் குடும்பம், மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டார்கள், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் அண்ணனைக் குசினிக்குள் கூப்பிட்டேன். "அண்ணை, பப்பிலை பாடுறது ஒண்டும் இவையளுக்குச் சொல்லாதேங்கோ. கலியாணம் முடியட்டும்." அவர் "சரி பிள்ளை" என்றார்.

அந்த அம்மா அவரிடம், வேலை தவிர வேறென்ன பொழுதுபோக்கு என்று கேட்டார். மறுமொழியை நான் சொன்னேன். "அண்ணைக்கு வேலை, வீடு, கோயில்." அண்ணன் தலையாட்டினார். வாசிப்பதற்காக அவர் வலது கையில் நகம் வளர்த்திருப்பார். அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் பலகாரம் எடுத்தார். அவர்கள் போனபின் அதற்கும் நான்தான் ஏசினேன், சம்பந்திக்கு முன்னால் இடது கையால் சாப்பிடுவதா என்று.

கலியாணம் முடிந்தது. மேளக் கச்சேரிக்கு மைக் பூட்டியது அண்ணன்தான். பெண்ணின் மாமன் மேடையில் இருக்காமல் வயர்களோடு திரிகிறாரே என்று யாரும் யோசிக்கவில்லை. அவரோடு வாசிக்கும் மூன்று பேரையும் நான் கூப்பிடவில்லை. கலியாணம் முடியட்டும் என்று சொன்ன நான், முடிந்தபின் இனிச் சொல்லலாம் என்று சொன்னேனா? இல்லை. பிறகு மகளுக்குப் பிள்ளை வந்தது, பிறகு இன்னொரு பிள்ளை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் சம்பந்தி வீட்டார் வருவார்கள், அண்ணன் அம்பிளிஃபயரோடு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பப்புக்குப் போவதையும் நான் விட்டுவிட்டேன். அவர் கேட்கவில்லை. இரண்டாவது இசைத்தட்டு வந்தபோது ஒரு பேப்பர்ப் பையில் சுற்றி என் கையில் தந்தார், கடத்தல் சாமான் தருகிற மாதிரி. அதை உடுப்பு அலுமாரியில் வைத்தேன்.

ஏழு பக்கம் எழுதியவள் இவள்தான். அவர் பெருமையை உலகம் அறியவேண்டும் என்று ஐந்து நாள் மூக்கைச் சிந்திச் சிந்தி எழுதினேன், கை கூசவில்லை. எனக்கு என்னைக் கண்டால் பிடரியில் போடவேண்டும் போல இருக்கிறது. அவரிலும் கோபம்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பிள்ளை, இன்னும் எத்தினை நாளைக்கு?" என்று கேட்டிருக்கக் கூடாதா? சாகக் கிடக்கிறபோதும் என்னுடைய அந்தரம், என்னுடைய சங்கடம்தானா அவருக்குப் பெரிதாகப் போயிற்று? அப்படிப்பட்ட நல்ல மனிதர்களோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன தண்டனை என்று.

குசினியில் நின்றபடியே அண்ணியிடம் கேட்டேன். "நான் ஒரு பக்கம் அடிச்சுக்கொண்டு வாறன். எல்லாப் புத்தகத்துக்குள்ளையும் வைச்சுவிடுவம். முந்நூறும் நானே வைக்கிறன்."

"அவர் எழுதி வைச்சிட்டுப் போனதை மீறச் சொல்லுறியளோ?"

"அவர் எனக்காகத்தானே எழுதினவர். நான்தானே இப்ப சொல்லுறன்."

"எனக்குச் சொல்லி என்ன?" அண்ணி தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். "உங்கட சம்பந்திக்குச் சொல்லுங்கோ. அவவுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ, நானும் உங்களோடை இருந்து வைக்கிறன். வாயாலை சொல்லேலாததைப் புத்தகத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சு என்ன பிரியோசனம்?"

அந்த மனிசி முப்பது வருடத்தில் என்னிடம் அவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. 

முப்பத்தோராம் நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. ரெலிபோனை எடுத்தேன், வைத்தேன். ஒரு தடவை சம்பந்தி அம்மா எடுத்துவிட்டார். "அந்தியேட்டிக்கு நாங்கள் எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார். பதினொரு மணி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமையும் போனது. 

சனிக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். ஐயர் கிரியையை முடித்துவிட்டுப் போனார். பந்தி தொடங்கியது. வாசலில் ஒரு மேசையில் புத்தகங்களை அடுக்கி இளையவனை நிறுத்தியிருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றபோது அண்ணனோடு வாசித்த அந்த மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். நான்தான் கூப்பிட்டிருந்தேன். ஏழு பக்கம் எழுதும்போது விவரம் கேட்க அவர்களோடு பேசினேன், புத்தகத்தில் உங்களைப் பற்றியும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இந்தக் கலவரத்தில் அதை மறந்தே போனேன்.

எல்லோரும் வெள்ளை உடுப்பில் இருக்க, இவர்கள் கறுப்பில் வந்திருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் பெரிய உடம்பு, கண் சிவந்திருந்தது. இளையவன் அவர்கள் கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தான். பந்தியின் நடுவில் இடம் காட்டி இருத்தினேன். அவர் இலையைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்தார். ஒரு எழுத்தும் தெரியாத புத்தகத்தை, பக்கம் பக்கமாக, படங்களைப் பார்த்துத் தேடினார். பள்ளிக்கூடப் படம், கலியாணப் படம், ரயில்வேயில் விருது வாங்கிய படம். கடைசிப் பக்கம்வரை போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலிஸில் கேட்டார்.

"எங்களைப் பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஒருக்கா வாசித்துச் சொல்லுகிறாயா?"

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கத்தில் சம்பந்தி அம்மா இருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்த மூன்று பேரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவை ஆர்?"

அண்ணி பக்கத்து மேசையில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். ரயில்வேயில் கூட வேலை செய்தவர்கள் என்று சொன்னால் முடிந்தது. அந்தச் சொல் வாய்வரை வந்தும்விட்டது.

"அண்ணன்ரை ஆக்கள்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அண்ணை முப்பத்திரண்டு வருஷம் பப்பிலை பாட்டுப் பாடினவர். கிற்றார் வாசிச்சவர். இவை அவரோடை சேர்ந்து வாசிச்ச ஆக்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு அவரைத் தடுத்தது நான். கலியாணம் குழம்பிப் போகுமெண்டு."

பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். என் மகள் எழுந்து நின்றாள். சம்பந்தி அம்மா கையிலிருந்த சோற்றைப் பிசைந்து முடித்தார்.

"அப்பிடியோ. பாடினா என்ன? அதுக்குக் கலியாணம் ஏன் குழம்புது?" என்றார். "முதல்லை அவையளுக்குச் சாம்பாரை விடுங்கோ. வெறுஞ்சோத்தோடை இருக்கினம்."

பன்னிரண்டு வருடம். அவ்வளவுக்கும் இவ்வளவுதான். அந்த அம்மா என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், எழும்பிப் போயிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் இரண்டாம் தடவை மோர் கேட்டார்.

நான் மூன்று இலைக்கும் சாம்பார் விட்டேன். டிரம்ஸ்காரர் புத்தகத்தை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இதில் இல்லை" என்றேன்.

"ஏன்?"

"நான்தான் அவரைச் சொல்ல வேண்டாம் என்றேன்."

அவர் புத்தகத்தை மூடி, பக்கத்துக் கதிரையில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார்.